மின்சார கார் வருமுன் வீடு தயாரா?

காருக்குப் பணம் கட்டியாகி விட்டது. ரசீதும் கைக்கு வந்துவிட்டது. ஆனால், கார் இன்னும் வரவில்லை!

"எப்போது வரும்?" என்று அப்பா கேட்கிறார். "என்ன நிறம்?" என்று அம்மா கேட்கிறார். "முன் சீட்டில் யார்?" என்று பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள்.

"ராத்திரி அதற்கு எங்கே சார்ஜ் போடுவது?" என்று மட்டும் யாரும் கேட்பது இல்லை.

மின்சார கார் வாங்கும் குடும்பங்களுக்கு இந்தக் கட்டுரை. அதிலும், எஸ்.யூ.வி. என்று சொல்லப்படும் உயரமான பெரிய கார் வாங்க ஆசைப்படும் சிற்றூர்க் குடும்பங்களுக்கு. செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கும் சிங்கவரத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அங்கே பொருந்துவது மற்ற சிற்றூர்களுக்கும் பொருந்தும்.

ஒரே நாளில் 30 ஆயிரம் பேர்

2024 நவம்பர் 26-ந்தேதி மகிந்திரா கம்பெனி இரண்டு மின்சார எஸ்.யூ.வி. கார்களை அறிமுகம் செய்தது. விழா நடந்தது சென்னையில்! ஒரு காரின் பெயர் பி.இ.6. மற்றொன்று எக்ஸ்.இ.வி. 9இ. இந்தக் கம்பெனியின் ஆராய்ச்சி நிலையம் செங்கல்பட்டுப் பக்கம் இருக்கிறது. வண்டிகளை ஓட்டிச் சோதிக்கும் பாதை, செஞ்சிக்கு வடக்கே செய்யாறு பக்கம் இருக்கிறது. எனவே இது நமக்குத் தூரத்துச் சங்கதி அல்ல.

2025 பிப்ரவரி 14-ந்தேதி பதிவு தொடங்கியது. முதல் நாளே 30,179 பேர் பதிவு செய்தார்கள்!

பதிவு செய்தவர்கள் எல்லோருக்கும் உடனே கார் கிடைத்துவிட்டதா? இல்லை. விலை கூடிய ரகம் மார்ச் மாதம் முதல் கொடுக்கப்பட்டது. விலை குறைந்த ரகம் கேட்டவர்களுக்கு ஆகஸ்டு மாதம் என்று சொல்லப்பட்டது. பணம் அதிகம் உள்ளவருக்கு முதல் பந்தி. எண்ணிச் செலவு செய்கிறவருக்குக் கடைசிப் பந்தி!

வண்டிக்குக் காத்திருப்பது நம் நாட்டுக்குப் புதிது அல்ல. ஒரு காலத்தில் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டுப் பல வருடம் காத்திருந்தார்கள். மகன் பிறந்தபோது பதிவு செய்த ஸ்கூட்டர், அவன் பள்ளிக்கூடம் போகும்போது வந்த வீடுகளும் உண்டு.

அந்தக் காத்திருப்பு வெறும் காத்திருப்பு. பெட்ரோல் வண்டிக்கு வீட்டில் எந்த ஏற்பாடும் தேவை இல்லை. வண்டி வந்தால், பங்குக்குப் போய் பெட்ரோல் போட்டால் போதும்.

மின்சார கார் அப்படி அல்ல. அதற்கு உங்கள் வீடுதான் "பெட்ரோல் பங்கு". கார் வருமுன் பங்கு தயாராக வேண்டாமா? ஆகையால், காத்திருக்கும் மாதங்கள் வீண் மாதங்கள் அல்ல. அவற்றை ஒழுங்காகப் பயன்படுத்திக்கொண்டால் பின்னால் பணமும் மிஞ்சும், மனக் கஷ்டமும் குறையும்.

கோட்டை சொல்லும் பாடம்

செஞ்சிக் கோட்டையை மொகலாயப் படை 1690-ம் ஆண்டு முற்றுகை இட்டது. கோட்டை விழுந்தது 1698-ல். கிட்டத்தட்ட 8 ஆண்டு!

உள்ளே இருந்தவர்கள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள்? கோட்டை முழுவதும் சுற்றிப் பாருங்கள். நெற்களஞ்சியம் இருக்கிறது. குளங்கள் இருக்கின்றன. மலை உச்சியிலும் தண்ணீருக்கு வழி இருக்கிறது. பகைவன் வந்தபிறகு களஞ்சியம் கட்ட முடியுமா? வருமுன்பே கட்டி வைத்திருந்தார்கள்.

இதற்கு நேர்மாறான கதையும் அதே ஊரில் உண்டு. ராஜா தேசிங்கு கதை! போருக்குப் புறப்படுமுன் தேசிங்கு சிங்கவரம் மலைக்கு வந்து அரங்கநாதரை வணங்கினான். "இப்போது போகாதே" என்பது போல் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தேசிங்கு கேட்கவில்லை. குதிரை ஏறிப் போனான். மாண்டான். இது மக்கள் சொல்லும் கதை. 1714-ல் அவன் போரில் மடிந்தது சரித்திரம்.

குதிரை நல்ல குதிரைதான். வீரனும் நல்ல வீரன்தான். அவசரம்தான் கெடுத்தது. நல்ல கார் வாங்குகிறவர்களும் இதை நினைவில் வைப்பது நல்லது.

பட்டணமா? கிராமமா?

"மின்சார கார் பட்டணத்துக்குத்தான் சரி. கிராமத்துக்கு ஒத்துவராது" என்று பலர் சொல்கிறார்கள். நான் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். பல விஷயங்களில் கிராமத்து வீடுதான் இதற்கு வசதி!

சென்னையில் அடுக்குமாடி வீட்டில் இருப்பவரை எண்ணிப் பாருங்கள். கார் நிற்கும் இடம் கீழே. அவர் வீட்டு மீட்டர் எங்கோ ஒரு மூலையில். கம்பி இழுக்க வேண்டும் என்றால், சங்கத்தின் சம்மதம் வேண்டும். பக்கத்து வீட்டார் "தீப்பிடிக்கும்" என்று தடுப்பார்கள். வாடகை வீடு என்றால், வீட்டுக்காரரும் சம்மதிக்க வேண்டும்.

சிங்கவரத்தில் சொந்த வீடு உள்ளவருக்கு இந்தத் தொல்லை இல்லை. சுவர் அவருடையது. மீட்டர் அவருடையது. வாசல் அவருடையது. மேலே மாடியில் விழும் வெயிலும் அவருடையது!

தூரமும் ஒத்துவருகிறது. செஞ்சியில் இருந்து திண்டிவனம் சுமார் 28 கி.மீ. விழுப்புரமும் திருவண்ணாமலையும் சுமார் 40 கி.மீ. எங்கே போய்த் திரும்பினாலும் 100 கி.மீ.க்குள் அடங்கும்.

எந்தப் பெட்டி வேண்டும்?

இப்போது காரியத்துக்கு வருவோம்.

ஒரு யூனிட் மின்சாரத்தில் பெரிய மின்சார கார் சுமார் 6 கி.மீ. ஓடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற கணக்கு எல்லாம் தானாக வரும்.

வீட்டில் கிரைண்டருக்கும் ஏ.சி.க்கும் போடும் பெரிய பிளக்கு இருக்கிறது அல்லவா? 15 ஆம்பியர் பிளக்கு. அதில் மணிக்குச் சுமார் 3 யூனிட் ஏறும். இரவு 10 மணிக்குப் போட்டால், காலை 6 மணிக்குள் 24 யூனிட் ஏறிவிடும். அதாவது, சுமார் 140 கி.மீ. ஓட்டலாம்! விழுப்புரம் போய்த் திரும்ப இதுவே தாராளம்.

சுவரில் மாட்டும் பெரிய சார்ஜர் பெட்டியும் உண்டு. மணிக்கு 7 யூனிட் ஏற்றுவது ஒரு ரகம். 11 யூனிட் ஏற்றுவது மற்றொரு ரகம். மகிந்திரா கம்பெனி இவற்றுக்கு முறையே 50 ஆயிரம் ரூபாயும், 75 ஆயிரம் ரூபாயும் தனி விலை வைத்தது. இது காரின் விலையில் சேராது. மாட்டும் கூலியும் தனி.

தினமும் 150 கி.மீ.க்கு மேல் ஓடுகிறவருக்குப் பெரிய பெட்டி தேவை. மற்றவர்கள் முதலில் சாதாரணப் பிளக்கில் இரண்டு மாதம் ஓட்டிப் பாருங்கள். தேவைப்பட்டால் பிறகு வாங்கிக்கொள்ளலாம். கடையில் சொன்னார்கள் என்பதற்காக 75 ஆயிரம் ரூபாயைச் சுவரில் மாட்ட வேண்டாம்!

வயர்மேனைக் கூப்பிடுங்கள்

சாதாரணப் பிளக்கு போதும் என்றேன். "அப்படியானால், இருக்கும் பிளக்கிலேயே சொருகிவிடலாமா?" என்று கேட்கிறீர்களா? கூடாது!

கிரைண்டர் அரை மணி நேரம் ஓடும். கார் எட்டு மணி நேரம் விடாமல் மின்சாரம் இழுக்கும். பழைய வீட்டுக் கம்பி அதைத் தாங்காது. சூடு ஏறும். பிளக்கு உருகும். தீயும் பிடிக்கலாம்.

ஆகவே, கார் வருமுன் நல்ல வயர்மேனைக் கூப்பிடுங்கள். மூன்று வேலைகளைச் சொல்லுங்கள்.

ஒன்று: மீட்டர் பலகையில் இருந்து காருக்கு என்றே தனியாகத் தடித்த கம்பி இழுக்க வேண்டும். அதற்குத் தனி சுவிட்ச் வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் தானாக அணையும் கருவியும் வேண்டும்.

இரண்டு: எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செஞ்சிப் பக்கம் பாறை நிலம். கோடையில் மண் வறண்டு போகும். எர்த் சரியில்லை என்றால், பல கார்கள் சார்ஜ் ஏற்றவே மறுத்துவிடும். "கார் கெட்டுப்போச்சு" என்று கம்பெனிக்குப் போன் செய்வீர்கள். கெட்டது கார் அல்ல, எர்த்!

மூன்று: இரவில் வோல்டேஜ் எவ்வளவு வருகிறது என்று அளக்க வேண்டும். பெரிய பெட்டி மாட்டுவது என்றால், மும்முனை இணைப்பு தேவைப்படலாம். மின்வாரிய அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். அதற்குச் சில வாரங்கள் ஆகும். காத்திருக்கும் காலத்திலேயே மனுவைக் கொடுத்துவிடுங்கள்.

பம்புசெட்டில் போடாதீர்கள்!

இங்கே ஓர் எச்சரிக்கை. விவசாயக் குடும்பங்களுக்கு இது முக்கியம்.

பம்புசெட்டுக்கு அரசு இலவச மின்சாரம் கொடுக்கிறது. அது மும்முனை மின்சாரம். "கிணற்றடியில் காரை நிறுத்திச் சும்மா சார்ஜ் போட்டுக்கொள்ளலாமே!" என்று சிலருக்குத் தோன்றும்.

இது குற்றம். பயிருக்குக் கொடுத்த மின்சாரத்தைக் காருக்குத் திருப்பினால் அபராதம் விழும். இணைப்பையும் துண்டிக்கலாம். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. இலவச மின்சாரத்தில் கார் ஓடுகிறது என்ற பேச்சு எழுந்தால், "விவசாயிக்கு இலவசம் எதற்கு?" என்று கேட்பவர்கள் கை ஓங்கும். ஒருவர் செய்யும் தவறு, நெல்லும் மணிலாவும் போட்டுப் பிழைக்கும் ஆயிரம் பேர் தலையில் விடியும்.

லாபமா? நட்டமா?

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெரிய பெட்ரோல் கார் லிட்டருக்கு 12 கி.மீ. ஓடும். கிலோ மீட்டருக்கு 8 ரூபாய்க்கு மேல் செலவு.

வீட்டு மின்சாரம் யூனிட் 10 ரூபாய் என்றே வைத்தாலும், மின்சார காருக்குக் கிலோ மீட்டருக்கு ஒன்றே முக்கால் ரூபாய்க்குள் அடங்கிவிடும். மிச்சம் ஆறரை ரூபாய்!

கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால், முழுக் கணக்கையும் பாருங்கள்.

பி.இ.6 கார் அறிமுகமானபோது, குறைந்த விலையே 18 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டா மின்சார கார், 2025 ஜனவரியில் 17 லட்சத்து 99 ஆயிரம் ரூபாயில் தொடங்கியது. தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டு 4-ந்தேதி வின்பாஸ்ட் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அதன் வி.எப்.6 கார், 2025 செப்டம்பரில் 16 லட்சத்து 49 ஆயிரம் ரூபாயில் தொடங்கியது. இவை எல்லாம் கடை விலை. இன்சூரன்சு தனி.

மின்சார கார் மற்ற காரைவிட 5 லட்சம் ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 2,000 கி.மீ. ஓடுகிறவருக்கு மாதம் 13 ஆயிரம் ரூபாய் மிச்சம். மூன்றே கால் ஆண்டில் அந்த 5 லட்சம் திரும்பிவிடும். மாதம் 500 கி.மீ. ஓடுகிறவருக்கு மிச்சம் 3,250 ரூபாய்தான். 5 லட்சம் திரும்ப 12 ஆண்டுக்கு மேல் ஆகும்!

கடன் வாங்கினால்? 15 லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டியில் 7 ஆண்டுக்கு வாங்கினால், மாதம் சுமார் 24 ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டும். வட்டி மட்டும் 5 லட்சத்துக்கு மேல் போகும்.

ஆகவே, என் கருத்து இதுதான். தினமும் தூரம் ஓடுகிற வியாபாரி, டாக்டர், ஒப்பந்தக்காரர் வாங்கலாம். லாபம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கும், முகூர்த்தத்துக்குக் கல்யாணத்துக்கும் போவதற்காக நிலத்தை அடகு வைத்து வாங்க வேண்டாம். ஏக்கர் நிலம் பேரனுக்கும் சோறு போடும். கார் அப்படி அல்ல.

"பெருமைக்கு" என்று சிலர் சொல்வார்கள். பெருமைக்கு மாதம் 24 ஆயிரம் ரூபாய் கொடுக்க முடியுமா என்று வீட்டு அம்மாவைக் கேளுங்கள். அவர்கள் சரியான பதில் சொல்வார்கள்!

மின் கட்டணத்தையும் மறக்க வேண்டாம். வீட்டுக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். மாதம் 1,000 கி.மீ. ஓடும் கார், இரண்டு மாதத்தில் 330 யூனிட் இழுக்கும். அத்துடன் வீட்டுச் செலவும் சேர்ந்தால், 500 யூனிட்டைத் தாண்டலாம். தாண்டினால், முன் படிகளின் கட்டணமும் கூடிவிடும்.

மாடியில் விழும் வெயில்

இதற்கு மருந்து மாடியில் இருக்கிறது. அதுதான் சூரிய மின்தகடு.

ஒரு கிலோவாட் தகடு ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் கொடுக்கும். 3 கிலோவாட் போட்டால் 12 யூனிட். அதாவது, தினம் சுமார் 70 கி.மீ. ஓட்டம்! 2024-ல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில், 3 கிலோவாட் தகட்டுக்கு 78 ஆயிரம் ரூபாய் மானியம் உண்டு. சொந்தக் காருக்கு அப்படி மத்திய மானியம் இல்லை. எனவே, கையில் இருக்கும் பணத்தை முதலில் மாடியில் போடலாம். கார் வருவது தள்ளிப்போனாலும், தகடு முதல் மாதமே வேலை செய்யும்.

விளம்பரத்தில் சொல்லும் தூரம்

"ஒரு தடவை சார்ஜ் போட்டால் 680 கி.மீ.!" என்று விளம்பரம் வரும். அது சோதனையில் கிடைத்த தூரம். பி.இ.6 காரின் பெரிய பேட்டரி 79 யூனிட். சாலையில் 500 கி.மீ. என்று கம்பெனியே சொல்கிறது. நம் கணக்கில் யூனிட்டுக்கு 6 கி.மீ. என்றால் 470 கி.மீ. வரும். 59 யூனிட் பேட்டரி என்றால் 350 கி.மீ.

சென்னைக்குப் போய்த் திரும்பச் சுமார் 320 கி.மீ. சிறிய பேட்டரியில் போய்வந்துவிடலாம். ஆனால், கடைசி 30 கி.மீ. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும்! வழியில் அரை மணி நேரம் நிறுத்திச் சார்ஜ் போடுவதே நல்லது. வழிச் சார்ஜ் நிலையத்தில் வீட்டைவிடக் கட்டணம் கூடுதல். இதையும் கணக்கில் சேருங்கள்.

புயல் வந்தால்?

2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் வந்தது. விழுப்புரம் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் மழை! மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. மின்சாரம் இல்லாமல் மக்கள் தவித்தார்கள்.

அப்படிப்பட்ட நாளில் மின்சார கார் என்ன ஆகும்? இரண்டு விதமாக நடக்கலாம். பேட்டரி காலியாக இருந்தால், கார் வெறும் இரும்புப் பெட்டி. நிறைந்து இருந்தால், அதுவே வீட்டுக்கு விளக்கு! சில மின்சார கார்களில் இருந்து வெளியே மின்சாரம் எடுக்கலாம். 50 யூனிட் பேட்டரியில் ஒரு வீட்டின் விளக்கும் விசிறியும் பல நாள் ஓடும். கைபேசிக்குச் சார்ஜும் கிடைக்கும். ஆனால், எல்லாக் காரிலும் இந்த வசதி இல்லை. பதிவு செய்யுமுன்பே கேளுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால், முன்நாளே முழுதும் சார்ஜ் போடுங்கள். காரை மேட்டில் நிறுத்துங்கள். வெள்ளத்தில் மூழ்கிய காரை உலர்ந்த பிறகும் சார்ஜ் போடக்கூடாது. கம்பெனி ஆள் வந்து பார்த்த பிறகே தொட வேண்டும். வழியில் நின்றுவிட்டால், கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். எனவே, பக்கத்துச் சர்வீஸ் நிலையம் எந்த ஊரில் இருக்கிறது என்று இப்போதே விசாரித்துக் குறித்து வையுங்கள்.

அரசும் தயாராகட்டும்

குடும்பம் மட்டும் தயாரானால் போதாது. ஊரும் தயாராக வேண்டும்.

2025 ஜூலை 11-ந்தேதி செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயிற்று. மராட்டியர் ஆண்ட 12 கோட்டைகளைச் சேர்த்து யுனெஸ்கோ அறிவித்தது. அதில் 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில் உள்ளன. தமிழ்நாட்டில் இது ஒன்றுதான்!

கோட்டை பார்க்க வருகிறவர்கள் சிங்கவரம் குகைக் கோவிலுக்கும் வருவார்கள். பக்கத்தில் திருநாதர் குன்றில் 24 தீர்த்தங்கரர் சிற்பங்களையும் பார்ப்பார்கள். அவர்களில் பலர் மின்சார காரில் வருவார்கள். கோட்டை ஏறி இறங்க மூன்று நான்கு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் கார் சும்மாதானே நிற்கிறது? நிற்கும் இடத்திலேயே சார்ஜ் போட வசதி வேண்டும். கோட்டை வாசலில் நான்கு கம்பம், சிங்கவரம் மலையடியில் இரண்டு கம்பம் நட்டால் போதும். வருகிறவர்கள் அவசரப்பட்டு ஓடமாட்டார்கள். ஊரில் சாப்பிடுவார்கள். இளநீர் குடிப்பார்கள். நாலு கடைக்கு வியாபாரம் நடக்கும்.

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. 2024-ல் தொடங்கிய பிரதமர் இ-டிரைவ் திட்டத்தில், பொதுச் சார்ஜ் நிலையங்களுக்கு என்றே 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. நெடுஞ்சாலைக்கும் பெரிய நகரத்துக்கும் போகும் பணத்தில், கோட்டை ஊருக்கும் ஒரு பங்கு கேட்க வேண்டும். பஞ்சாயத்துத் தலைவர்களும் சட்டசபை உறுப்பினரும் இதற்கு மனுக் கொடுக்கலாம்.

கம்பம் நட்டால் மட்டும் போதாது. அது வேலை செய்ய வேண்டும்! கெட்டுப்போனால், இரண்டு நாளில் சரிசெய்ய ஆள் வேண்டும். எந்த நம்பருக்குப் போன் செய்வது என்று தமிழில் எழுதி ஒட்ட வேண்டும்.

கடைசியாக ஒரு வார்த்தை. கார் வரும் நாளில் பூ போடுவீர்கள், பொட்டு வைப்பீர்கள், எலுமிச்சம்பழம் நசுக்குவீர்கள். பச்சை நம்பர் பலகையைப் பார்க்கத் தெருவே கூடும். எல்லாம் நடக்கட்டும்! அதற்கு முன் வயர்மேன் வந்து போயிருக்கட்டும். மின்வாரிய மனு போயிருக்கட்டும். கணக்கு நோட்டில் மாதத் தவணையை எழுதி, வீட்டில் எல்லோரும் ஒரு முறை படித்துப் பார்த்திருக்கட்டும்.

படித்த பிறகும் "வாங்கலாம்" என்று எல்லோரும் சொன்னால், தாராளமாக வாங்குங்கள். இல்லை என்றால், பதிவை ரத்து செய்ய வெட்கப்பட வேண்டாம். அதற்கும் காத்திருக்கும் காலத்தில் வழி உண்டு. வண்டி வாசலுக்கு வந்தபிறகு இல்லை!